கார்வார் லைன் கிடைக்கவில்லை

ராஜாத்தி கடலைப் பார்த்ததில்லை. ஆனால் மேற்குக் கடற்கரை ஊர்களை வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். டெல்லி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டராகச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவளுக்கு முன்னால் சுவர்போல நிற்கும் பலகையில் ஊர்கள் எல்லாம் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் அந்தப் பக்கம் ஒரு குரல். ரத்னகிரி என்றால் வறட்டு இருமல். பனாஜி என்றால் பேச்சை ஆரம்பிக்கும்போதே பாதிச் சிரிப்பு. ஹூப்ளி எப்போதும் எதையோ மென்றுகொண்டே பேசுவாள். ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் சொல்லித்தான். அந்தக் கடற்கரை முழுவதற்கும் அவள் பெயர் 'டெல்லி'.

குரல்களுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்கிறதா என்று சில சமயம் காதைக் கூர்மையாக்கிக்கொள்வாள். கம்பியின் இரைச்சலா கடலின் இரைச்சலா என்று ஒருநாளும் அவளால் சொல்ல முடிந்ததில்லை.

அப்பா அந்தக் கரை வழியாகவே காரில் போகப்போகிறேன் என்று சொன்னபோது அவள் தலையாட்டியதற்கு இதுதான் காரணமோ என்னவோ.

அப்பா கருப்பசாமி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். கோவாவுக்குப் படை போனபோது கூடவே லாரியும் கொண்டு போனார். வலது பக்கம் கடல் கூடவே வந்தது, ஆனால் கான்வாயில் வண்டியை நிறுத்தக் கூடாது. 'ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டு வந்து, தோணின இடத்துல எல்லாம் நிறுத்துவேன்' என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பிறகு டெல்லியில் மத்திய சர்க்கார் கார் டிரைவர் வேலை. கடைசி ஒன்பது வருஷம் அவர் ஓட்டிய கறுப்பு அம்பாசிடரைப் பழசாகிவிட்டது என்று ஏலம் விட்டார்கள். அவரே எடுத்துக்கொண்டார். சேவா நகர் குவார்ட்டர்ஸில் காரே இல்லாத வரிசையில் அது மட்டும் யானை மாதிரி நின்றது.

ஓய்வுபெற்ற வருஷமே அவருடைய வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்தது.

தம்பி வேலு கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அப்பா காரிலேயே கொச்சிக்கு வருகிறார் என்று கேட்டதும் டிரங்க் கால் போட்டு அக்காவிடம் கத்தினான்.

"அக்கா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒரு கண்ணுல புரை. பக்கத்துல உக்காந்திருக்கறது பாலம் வந்தா கண்ணை மூடிட்டு முருகாங்கற அம்மா. பம்பாயிலிருந்து கொச்சி வரைக்கும் எத்தனை ஆறு, எத்தனை படகு! ஜூன் பொறந்தா அங்கே மழை எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"மே கடைசிக்குள்ள வந்துருவாங்கடா. பகல்ல மட்டும்தான் ஓட்டணும்னு அப்பாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

"நீதான் தலையாட்டினே. ஏதாச்சும் ஆச்சு, உன் முகத்துல முழிக்க மாட்டேன், ஆமா."

சத்தியத்தோடு இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். சாயங்காலம் எந்த ஊரில் தங்குகிறார்களோ அந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பா போய், 'நான் டெல்லி ராஜாத்தியோட அப்பா' என்று சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் லைன் சும்மா இருக்கும்போது ராஜாத்தியின் பலகைக்கு ஒரு தகவல் போடுவாள். சொந்தப் பேச்சுக்கு லைன் தரக் கூடாது என்பதுதான் சட்டம். ஆபரேட்டர்களுக்குள் இந்த மாதிரி ஒரு வரித் தகவல் போவதும் வருவதும் எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசர் பல்லா மேடத்துக்கும் தெரியும், பார்க்காத மாதிரி போய்விடுவாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மா பாப்பம்மாள் ஒரு பழைய சேலையை மடித்து, பஞ்சு அடைத்து, கனமான இரண்டு மெத்தைகள் தைத்தாள். ஒன்று காருக்கு. இன்னொன்றை ராஜாத்தியிடம் கொடுத்தாள். "மேல் வரிசைக்குக் கை எட்டலைன்னு சொன்னியே, இதைப் போட்டு உக்காரு தாயி." சரோஜினி நகர் மார்க்கெட்டில் வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாள். "இது எதுக்கும்மா? ஸ்கூலுக்குப் போறியா?" என்று ராஜாத்தி கேலி செய்தாள். "கடக்கரை மணலு கால் சுடும்னு உங்கப்பா சொன்னாரு." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

இந்தூர் பக்கத்தில் ரேடியேட்டர் ஒழுகி, சாமான் வந்து சேரும்வரை காத்துக் கிடந்ததில் மே முடிந்துவிட்டது. ஆனாலும் தகவல் தவறாமல் வந்தது. ரத்னகிரி இருமிக்கொண்டே சொன்னாள்: "டெல்லி, உங்க அப்பா வந்தாச்சு, அம்மா மாம்பழம் வாங்கப் போயிருக்காங்க." நேற்று பனாஜி: "டெல்லி, உங்கப்பா எங்க ஊரு மீன் குழம்பைத் திட்டறார். ஆனா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்." நாளைக்குக் கார்வார் தாண்டி ஹொன்னாவரில் தங்கல் என்றும் சொல்லியிருந்தார்.

அந்த நாளைதான் இன்று.

டெல்லியில் வெயில் தகரத்தைப்போலத் தகித்தது. ஜன்னலில் கட்டியிருந்த வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கிற ஆள் வரவில்லை. மத்தியான ஷிஃப்டுக்கு வந்து ஹெட்செட்டை மாட்டியதுமே ராஜாத்தி கார்வாரைக் கேட்டாள். "கார்வார் லைன் அவுட்" என்றாள் ஹூப்ளி, இன்று எதையும் மெல்லாமல். "மலைப்பக்கம் நேத்து ராத்திரியிலிருந்து ஊத்துது. ஹொன்னாவரும் அவுட். அங்கோலா வரும், போகும்."

"எத்தனை மணிக்குச் சரியாகும்?"

"மழையைக் கேளு."

அவள் மற்ற கால்களைப் பார்த்தாள். கான்பூர், லக்னோ, போபால். விளக்குகள் எரிந்தன, அணைந்தன. பேனாவை எடுத்தால் மூடியைக் கழற்ற மறந்தாள். பல்லா மேடம் பின்னால் வந்து, "ராஜாத்தி, லைட்னிங் கால் வெயிட்டிங்! ஜல்தி!" என்று, மற்ற எல்லாவற்றையும் முந்துகிற அந்த அவசர அழைப்புக்காகத் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வெயில் கொஞ்சம் தணிகிற நேரத்தில் ஹூப்ளியின் விளக்கு எரிந்தது.

"டெல்லி, நீ பயப்படாதே. விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு நினைச்சேன். அப்புறம், உனக்குச் சொல்லாம இருக்க முடியலை."

ராஜாத்தி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சொல்லு."

"கார்வாருக்குத் தெற்கே ஒரு ஆத்துல, கார் ஏத்திட்டுப் போற படகு இருக்கில்ல, அதோட வடம் அறுந்திருச்சாம். அதுல நின்ன கார் ஒண்ணு சறுக்கி ஆத்துல விழுந்திருச்சுன்னு போலீஸ் ஒயர்லெஸ்ல வந்திருக்கு. அம்பாசிடர். வடக்கத்தி நம்பர்."

அந்தப் பெரிய ஹாலில் ஐம்பது பெண்கள் ஒரே சமயத்தில் 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜாத்திக்கு அதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

"என்ன கலர்?"

"தெரியலை."

"உள்ளே ஆள்?"

"படகுல ஏறினா எல்லாரும் வண்டியை விட்டு இறங்கிடணும்; ஓட்டறவங்க மட்டும் உள்ளே இருக்கலாம், அதான் வழக்கம். ஓட்டினவங்க உள்ளே இருந்தாங்களாம். மத்தது தெரியலை. கேட்டுச் சொல்றேன். கட் பண்ணாதே."

அப்பா உள்ளே இருந்திருக்கிறார். அம்மா படகின் ஓரத்தில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் கண் முன்னாலேயே கார் போயிருக்கிறது. ராஜாத்திக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. தான் பார்த்தறியாத அந்த ஆறு, செம்மண் கலங்கி, இந்தப் பலகையைவிட அகலமாக, அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நீதான் தலையாட்டினே. நீதான் தலையாட்டினே.

"டெல்லி, இருக்கியா? கேட்டாச்சு." ஹூப்ளிக்கு மூச்சு வாங்கியது. "ஓட்டினது ஒரு பொம்பளையாம். புடவை கட்டின பொம்பளை. கூட வந்த ஆம்பளை படகுல நின்னிருக்கார்."

"பொம்பளையா? நல்லாத் தெரியுமா?"

"கான்ஸ்டபிள் ரெண்டு தடவை சொன்னான். அவனுக்கே அதிசயம்."

ராஜாத்தி இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. "அப்ப எங்க ஆளுங்க இல்லை ஹூப்ளி. எங்கம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

"நான் அப்பவே நினைச்சேன், உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. பாவம், அது யாரு பெத்தவங்களோ."

"பாவம்தான்" என்றாள் ராஜாத்தி. அந்த யாரோ ஒருத்தியை நினைத்து இரக்கப்படக்கூட அவளுக்கு அப்போது முடிந்தது. பக்கத்து சீட்டுக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். விட்டுப்போன கால்களை மளமளவென்று போட்டாள். பழைய டெல்லி காரி பாவ்லி சந்தையிலிருந்து ஒரு பாக்கு வியாபாரி சிர்சி கேட்டார். சிர்சி என்பது ஹூப்ளிக்கு அப்பால், மலைமேல் இருக்கும் பாக்கு ஊர். மழையில் அறுபடாமல் மிஞ்சிய ஒரே லைன் அதுதான். சேட்டுக்கு அதைக் கொடுத்தாள். அவர் 'ஹலோஓஓ' என்று போட்ட சத்தத்துக்கு ஃபோனே வேண்டியிருக்காது.

அடுத்தது மேல் வரிசையில் ஒரு விளக்கு. ராஜாத்தி மெத்தைமேல் கொஞ்சம் எக்கி, கையை நீட்டிச் செருகினாள். கை எட்டியது.

கை நீட்டியபடியே நின்றது.

இந்த மெத்தை இல்லாவிட்டால் எட்டியிருக்காது. இது உயரம் கூட்டுகிற மெத்தை. காருக்கும் இதே மாதிரி ஒன்று, இதே கனத்தில். யாருக்கு உயரம் கூட்ட?

அப்பா ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அம்பாசிடரில் உட்கார்ந்தாலே அவர் தலை கூரையைத் தொடும். தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் ஓட்டுவார். இந்த மெத்தையைப் போட்டு அவர் உட்கார முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அம்மாவுக்கு எதற்கு உயரம்?

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கான்வாஸ் ஷூ. குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று இரண்டு பேரும் காரில் போய், பிரசாதம் இல்லாமல் திரும்பி வந்தது. அம்மா இடது காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அந்தப் படி ரொம்பச் செங்குத்து" என்று சொன்னது. ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, "இவன் கிளச்சை முழுசா அமுக்காமலே கியர் மாத்தறான்" என்று அம்மா முணுமுணுத்தது. அப்பாகூட இத்தனை வருஷம் இருந்தால் அந்தப் பேச்சு தொற்றத்தானே செய்யும் என்று ராஜாத்தி நினைத்தாள்.

அப்பாவின் கண்ணைப் பற்றி அவள் எத்தனை ராத்திரி கவலைப்பட்டிருக்கிறாள்! அவர்கள் இரண்டு பேரும் அவளுக்கு முன்னாலேயே கவலைப்பட்டு, அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆற்றில் விழுந்த காருக்குள் இருந்தது அம்மா.

"ஹூப்ளி! ஹூப்ளி!"

"என்ன டெல்லி, ஏன் கத்தறே?"

"அது எங்கம்மா. அந்தப் பொம்பளை எங்கம்மா."

"நீதானே சைக்கிள்கூட—"

"எனக்குத் தெரியலை! எனக்குத் தெரியவே இல்லை. அந்த ஆத்துப் பக்கத்துல எந்த எக்ஸ்சேஞ்ச் இருக்கு? குமட்டாவா?"

"குமட்டாதான். ஆனா எனக்கு நேரா லைன் இல்லை. சிர்சி வழியாத்தான் போக முடியும். சிர்சியை உன் ஆளுதான் பிடிச்சு வச்சிருக்கார்."

ராஜாத்தி பலகையில் இருந்த கேட்புச் சாவியைத் தள்ளி, சேட்டின் பேச்சை ஒட்டுக்கேட்டாள். பாக்கு நனைந்துவிட்டதா, லாரி மலையிறங்கியதா, எந்தக் குடோன். மூன்று நிமிஷம் முடிந்தது. "எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "எக்ஸ்டென்ஷன்!" என்றார் அவர். மறுபடியும் மூன்று. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஏறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுவரை, ஜன்னல்வரை. லைன் கோளாறு என்று சொல்லி வயரை உருவிவிடலாம். எல்லாரும் செய்வதுதான். ஆனால் உருவினால் அவர் உடனே புகார் செய்வார், பல்லா மேடம் வந்து மறுபடி அவருக்கே லைனைக் கொடுப்பாள்.

"எக்ஸ்டென்ஷன்" என்றார் சேட்.

ஆறு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாததை ராஜாத்தி செய்தாள். ஆபரேட்டர் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் பேசினாள். "சேட்ஜி, எங்கம்மா கார் ஆத்துல விழுந்திருச்சு. அந்த ஊருக்கு இந்த ஒரு லைன்தான் இருக்கு. உயிரோட இருக்காங்களான்னு கேக்கணும்."

 சேட்டின் சத்தம் வந்தது, முன்னைவிடப் பெரிதாக: "அரே பேட்டி, முதல்லயே சொல்லக் கூடாதா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. பாக்கு எங்கேயும் ஓடிப்போகாது."

அவர் ஃபோனை வைத்த சத்தம் கேட்டதும், "சிர்சி, குமட்டாவைக் கொடு" என்றாள்.

"குமட்டா" என்றது ஒரு ஆண் குரல், ரொம்ப நிதானமாக. "யாரு? டெல்லியா? நல்ல வேளை. இங்கே ஒரு தாத்தா வந்ததிலிருந்து டெல்லி, டெல்லின்னு நின்னுட்டிருக்கார். லைன் இல்லைன்னு சொன்னா கேக்கலை. உட்காருங்கன்னா உட்காரலை. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கார். கொடுக்கறேன்."

"ராசாத்தி." அப்பாதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் சொல்லியனுப்புகிற அதே வரியைச் சொன்னார்: "பத்திரமா வந்து சேந்துட்டோம் தாயி. வண்டி கொஞ்சம் மக்கர். வேற ஒண்ணும் இல்லை."

"அம்மா எங்கே?"

"அவ... ரெஸ்ட் எடுக்கறா."

"அப்பா, யாரு ஓட்டினது?"

அவர் மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

"அப்பா! அம்மா காருக்குள்ள இருந்தாங்களா இல்லையா? உயிரோட இருக்காங்களா?"

"அட என்ன பேச்சு பேசறே! இங்கே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுட்டிருக்கா. கையில ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்."

ராஜாத்தி தலையைப் பலகைமேல் சாய்த்துவிட்டாள். நெற்றி பட்டு எந்தெந்த ஊரோ கரகரத்தது. பின்னால் பல்லா மேடத்தின் செருப்புச் சத்தம் வந்தது, நின்றது. திட்டு விழும் என்று காத்திருந்தாள். மேடம் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அடுத்த சீட்டுப் பெண்ணிடம், "இந்தப் பலகைக்கு வர்றதை எல்லாம் நீ வாங்கிக்கோ" என்றாள்.

"எப்ப இருந்துப்பா அம்மா ஓட்டறாங்க?"

"ஃபரீதாபாத்தில இருந்து" என்றார் அப்பா, குற்றவாளிபோல. "உன் கண்ணுக்கு மறையற வரைக்கும் நான் ஓட்டினேன். அப்புறம் மாறிக்கிட்டோம். எனக்கு எதிர்வெளிச்சம் வந்தா எல்லாம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கு தாயி. உன்கிட்ட சொன்னா..." ரிசீவர் எதிலோ உரசியது. "இரு, அவ பிடுங்கறா."

"ஏத்தா ராசாத்தி." அம்மாவின் குரலில் டீயும் மழையும் இருந்தன. "நீ அழுவாதே. ஷூ ஒண்ணு போயிருச்சு. புது ஷூ."

"காரு ஆத்துல விழுந்திருச்சுன்னு சொன்னாங்கம்மா!"

"எவன் சொன்னான்? விழுவுமா? வடம் அறுந்ததும் படகு ஒரு பக்கமா சாஞ்சுது. காரு முன்னால போச்சு. நான் ஏறினதுமே ரிவர்ஸ் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வச்சிருந்தேன். அதனால மூக்கு மட்டும் தண்ணிக்குள்ள முங்கி அங்கேயே நின்னுது. முன் கதவு திறக்கலை. பின் சீட்டுக்குத் தாவி அந்தப் பக்கமா இறங்கிட்டேன். மீன்பிடிக்கற பசங்க கை கொடுத்தாங்க. உங்கப்பாதான் அங்கே நின்னு அழுதாரு."

"நான் எங்கே அழுதேன்?" என்று பின்னால் கேட்டது.

"மழைன்னு சொல்றாரு. இருக்கட்டும்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை? லைசென்ஸாவது இருக்கா?"

"இருக்கு, இருக்கு. பரீட்சை வச்சுத்தான் கொடுத்தாங்க. போட்டோவுல மூஞ்சி நல்லா இல்லைன்னு உன்கிட்ட காட்டலை." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

ராஜாத்தி தான் உட்கார்ந்திருந்த மெத்தையின் தையலை விரலால் தடவினாள்.

"பாத்தியா. கண்ணு தெரியாத உங்கப்பாவை ஓட்டச் சொல்லித் தலையாட்டினே. ரெண்டு கண்ணும் இருக்கற என்னைய விட்டிருக்க மாட்டே."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. தையல் பிரிந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னாள். அதனால் கூடுதலாகச் சுட்டது.

"வேலு ரயில்ல ஏறச் சொல்லுவான்மா."

"அவன் சொல்லுவான். நீ என்ன சொல்றே? மெக்கானிக் வந்து தண்ணியை வடிச்சுட்டிருக்கான். ரெண்டு நாள்ல காஞ்சுரும்கறான். மழை விட்டாத்தான் கிளம்புவோம். படகுக்குப் பதிலா மலை வழியா சுத்திப் போற ரோடு இருக்காம், தூரம் ஜாஸ்தி. அதுல போயி மறுபடி கடலைப் பிடிச்சுக்கலாம்னு உங்கப்பா சொல்றாரு." குரல் தாழ்ந்தது. "கடலு நேத்துப் பூரா கூடவே வந்துச்சு, ராசாத்தி. நான் தோணின இடத்துல எல்லாம் நிறுத்தினேன்."

கம்பியில் இரைந்தது. மழையோ, கடலோ.

"மழை விட்டப்புறம்தான் கிளம்பணும்" என்றாள் ராஜாத்தி. "எந்தப் படகுலயும் ஏறக் கூடாது, எத்தனை சுத்தானாலும். அப்புறம், இனிமே சாயங்காலம் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பா வர வேண்டாம். நீயே வந்து தகவல் சொல்லு. ஓட்டறவங்கதான் ரிப்போர்ட் பண்ணணும்."

"அச்சா மேடம்" என்றாள் அம்மா.

ஷிஃப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது கொச்சி விளக்கு எரிந்தது. வேலு.

"அக்கா! கார்வார் பக்கம் ஏதோ படகு விபத்தாம், ஆபீஸ்ல பேசிக்கறாங்க. அவங்க எங்கே?"

"குமட்டாவுல. நல்லா இருக்காங்க. கார்ல தண்ணி போயிருக்கு, காஞ்சதும் கிளம்புவாங்க."

"என்னது, அவங்க காரா? கிளம்புவாங்களா? நீ என்ன விளையாடறியா? நான் அப்பவே சொன்னேன்! இனிமே அப்பா ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது, சொல்லிடு அவர்கிட்ட!"

"தொட மாட்டார். டெல்லி தாண்டினதிலிருந்து அவர் தொடவே இல்லை."

"அப்ப யாரு ஓட்டறா? டிரைவர் வச்சிருக்காங்களா?"

"அம்மா ஓட்டறாங்க."

 அடுத்து அவன் கத்த மூச்சு இழுப்பது ராஜாத்திக்குத் தெளிவாகக் கேட்டது. எதிரே கடிகாரத்தைப் பார்த்தாள். நியாயமாக ஆபரேட்டர் எக்ஸ்டென்ஷன் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது, சார்" என்று சொல்லி வயரை உருவினாள்.